வகுப்பறையில் ஆசிரியரின் கைப்பேசி

வகுப்பறைக்குள் கைப்பேசியைக் கொண்டுசெல்லலாமா, கூடாதா என்ற விவாதம் ஆசிரியர் அறைகளில் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. பிள்ளைகளின் கவனம் வீட்டிலேயே சிதறிப்போகிறது, பள்ளியாவது அதிலிருந்து விலகி இருக்கட்டும் என்கிறார்கள் ஒரு சாரார். ஊரெல்லாம் கைப்பேசியில் இயங்கும்போது நாம் மட்டும் சாக்பீசோடு நின்றுகொண்டிருப்பது முறையா என்று கேட்கிறார்கள் மற்றொரு சாரார். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் எனக்கு இரண்டு பேச்சிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் இரு சாராருமே கைப்பேசியைப் படம் காட்டும் திரையாக மட்டுமே எண்ணிப் பேசுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. அந்தச் சிறிய பெட்டிக்குள் ஒலிவாங்கி இருக்கிறது, கேமரா இருக்கிறது, முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது, பெரும்பாலானவற்றில் காந்தப்புலத்தை அளக்கும் உணரியும் இருக்கிறது, நொடியை ஆயிரம் கூறுகளாகப் பகுத்துக் காட்டும் கடிகாரமும் இருக்கிறது. இவற்றைத் தனித்தனியாக வாங்கப் போனால் எந்த உயர்நிலைப் பள்ளியின் ஆய்வக நிதியும் போதாது. ஆசிரியரிடம் உள்ள ஒரே ஒரு கைப்பேசியை அளப்பதற்கும் பதிவுசெய்வதற்கும் வினா எழுப்புவதற்கும் பயன்படுத்தினால் வகுப்பு எவ்வளவு மாறும் என்பதைக் கண்ணால் பார்த்திருப்பதால், அதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மாணவர்கள் கைப்பேசி கொண்டுவருவதைப் பற்றி முதலிலேயே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அதற்கு அனுமதி இல்லை. அந்தத் தடை சரியானது என்றே நான் கருதுகிறேன். பிரான்ஸ் 2018-இல் சட்டம் இயற்றியே இளம் மாணவர்களின் கைப்பேசிப் பயன்பாட்டைப் பள்ளிகளில் தடுத்தது. கல்வியில் தொழில்நுட்பம் குறித்து யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கை, அப்போது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான நாடுகளே இத்தகைய தடையை விதித்திருந்ததாகக் கூறியது. பாடத்துக்குத் தொடர்பில்லாத ஒன்றில் நுழைந்த மாணவர் மீண்டும் பாடத்தில் மனம் ஊன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. நம் பாடவேளையே 40 நிமிடம்தான். ஆகவே இங்கே நான் பேசப்போவது நாற்பது பிள்ளைகள் கையில் உள்ள நாற்பது கைப்பேசிகளைப் பற்றியதன்று.

நம் மாநிலத்தில் பாடப்புத்தகத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே முதல் பாலமாக வந்தது க்யூஆர் கோடு. 2018-19 கல்வியாண்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது, பாடங்களின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக அவை அச்சாகியிருந்தன. கைப்பேசிக் கேமராவை அவற்றின்மீது காட்டினால், மத்திய அரசு 2017 செப்டம்பரில் தொடங்கிய தீக்ஷா என்னும் இணையக் கல்வித் தளத்தில் அந்தந்தப் பாடத்துக்கான காணொளிகளும் பயிற்சிகளும் திறந்தன. பாடத்தின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கமும் சேர்ந்தது. இதற்கு முன்னோடி மகாராஷ்டிரம். சோலாப்பூர் மாவட்டத்தின் பரிதேவாடி என்னும் சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் பணியாற்றிய ரஞ்சித்சிங் டிசலே, பாடநூலில் க்யூஆர் கோடுகளைச் சேர்த்துக் கற்பித்ததற்காகவும் பெண் கல்விக்கு ஆற்றிய பணிக்காகவும் 2020-இல் உலக ஆசிரியர் பரிசைப் பெற்றார். 10 லட்சம் டாலர் பரிசில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளித்தார் என்ற செய்தியைப் படித்தபோது, தொழில்நுட்பத்தைப் பற்றிய செய்தியைப் படிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவரைப் பற்றிய செய்தியாகவே தோன்றியது.

நம் பாடநூல்களில் அந்தக் கட்டங்கள் வந்த பிறகு நடந்தது என்ன? பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவை எட்டாத இடத்திலேயே இருந்தன. வீட்டில் திறன்பேசி இருப்பது வேறு, அது பிள்ளையின் கைக்கு வருவது வேறு. கிராமப்புறங்களை ஆராயும் அசர் ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி உள்ளவை 2018-இல் 36.5 விழுக்காடாக இருந்து 2021-இல் 67.6 விழுக்காடாக உயர்ந்தன. ஆனால் அந்தப் பேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு பேட்டரி தீர்ந்து திரும்பி வருவதையும், திரும்பி வந்தபின் அது அண்ணன் கைக்குப் போவதையும், தங்கையின் முறை கடைசியாக வருவதையும் கொரோனாக் காலத்தில் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். வாட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்பிவிட்டு இரண்டு நீல நிறக் குறிகளை எண்ணிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், மிகச் சாதாரண பட்டன் போனில் பேசிய ஐந்து நிமிடப் பேச்சே பல பிள்ளைகளைப் படிப்போடு கட்டி வைத்திருந்தது.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமன்று. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் அதே பள்ளி மூடல் காலத்தில் ஏறத்தாழ 4,500 குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. வாரம் ஒரு முறை கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பிய வீடுகளில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை; குறுஞ்செய்தியோடு ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து அந்தக் கணக்கைப் பேசித் தீர்த்த வீடுகளின் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். செயலி இல்லை, இணையம் இல்லை.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். இன்று காணொளிக்குப் பஞ்சம் இல்லை. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-இல் ஆறு முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளுக்கு மணற்கேணி செயலி வந்தது. தமிழில் இவ்வளவு பாடக் காணொளிகள் இலவசமாகக் கிடைப்பது பெரிய கொடை. மாலையில் பாடம் தயாரிக்க உட்காரும்போது நானே அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் எதைக் காட்டுவது என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். இதயத்தின் வால்வுகள் திறந்து மூடுவதை என்னால் வகுப்பில் காட்ட முடியாது, ஆகவே காணொளி. எரிமலைக் குழம்பு, செல் பிரிதல், விண்வெளியில் மிதக்கும் நீர்த்துளி ஆகியவற்றுக்கும் காணொளிதான். லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைக் காணொளியில் காட்டக் கூடாது. தாளும் எலுமிச்சம்பழமும் கையிலேயே இருக்கின்றன. ஓடும் காணொளியை இடையிடையே நிறுத்தி, ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேட்காமல் முழுவதையும் ஓடவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் அமைதியாக இருப்பதைப் பார்த்து அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நாம் முடிவுசெய்துவிடுகிறோம்.

கைப்பேசியை அளவுகருவியாகக் கொள்வதன் அருமையை நான் உணர்ந்தது ஒலியியல் பாடத்தில்தான். காற்றில் ஒலியின் திசைவேகம் இவ்வளவு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்டால், இடி மின்னலைச் சொல்வார்கள், எதிரொலியைச் சொல்வார்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலி, கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகள் அனைத்தையும் ஆய்வுக்குத் திறந்துவிடுகிறது. அதில் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரம் ஒன்று உண்டு. ஓர் ஓசை கேட்டதும் ஓடத் தொடங்கும், அடுத்த ஓசை கேட்டதும் நின்றுவிடும். இணைய இணைப்பு வேண்டியதில்லை. உடன் பணியாற்றும் ஆசிரியரிடம் இன்னொரு கைப்பேசியை வாங்கிக்கொண்டால் போதும்.

செய்முறை இதுதான். பள்ளியின் நீண்ட தாழ்வாரத்தில், மற்ற வகுப்புகள் அமைதியாக இருக்கும் வேளையில், இரண்டு பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்டூல்கள்மீது வைக்கிறோம். இடைவெளியை நாடாவைக் கொண்டு பிள்ளைகளே அளக்கிறார்கள். முதல் பேசியின் அருகில் ஒரு மாணவி, இரண்டாவதன் அருகில் ஒரு மாணவர். முதலில் மாணவி கைதட்டுகிறாள். அவள் அருகில் உள்ள கடிகாரம் உடனே ஓடத் தொடங்குகிறது; 5 மீட்டர் தள்ளியிருப்பது ஒலி வந்து சேர்ந்த பிறகே, அதாவது சற்றுத் தாமதமாக, தொடங்குகிறது. சில நொடி கழித்து மாணவர் கைதட்டுகிறார். இப்போது அவர் பக்கத்துக் கடிகாரம் முதலில் நிற்கிறது. மாணவியின் பக்கத்துக் கடிகாரம் ஒலி வந்து சேர்ந்த பிறகு நிற்கிறது. ஆக, ஒன்று முன்னே தொடங்கிப் பின்னே நின்றது, மற்றது பின்னே தொடங்கி முன்னே நின்றது. இரண்டு அளவீடுகளின் வேறுபாடு, ஒலி 10 மீட்டர் தூரத்தைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம். 10 மீட்டரை அந்த நேரத்தால் வகுத்தால் திசைவேகம் கிடைத்துவிடும்.

இரண்டு கடிகாரங்களையும் ஒரே நேரத்தில் முடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போவதுதான் இதன் அழகு. ஏன் கழிக்கிறோம், ஏன் 5 மீட்டர் 10 மீட்டராகிறது என்பதைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வதில்லை. கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைந்து, தொடங்கிய இடத்தையும் நின்ற இடத்தையும் அவர்களே புள்ளிவைத்துப் பார்க்கும்போது விளங்குகிறது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி செல்சியஸில், எதிர்பார்க்கும் வேறுபாடு ஏறத்தாழ 0.029 நொடி. அளந்து பார்த்தால் ஒரு முறை 0.027 வரும், ஒரு முறை 0.031 வரும். யாரோ பெஞ்சை இழுத்த சத்தத்தில் கடிகாரம் தானே நின்றுவிடும். காகம் கத்தினால் மறுபடியும் தொடங்க வேண்டும். ஓசையின் அளவு எவ்வளவு இருந்தால் கடிகாரம் இயங்க வேண்டும் என்பதைச் செயலியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். ஒரே கைதட்டலின் எதிரொலியால் கடிகாரம் நின்றுவிடாதபடி சிறிது இடைநேரத்தையும் குறிப்பிட வேண்டும். எதிரொலி என்ற பாடம் அங்கே யாரும் நடத்தாமலே நடந்துவிடுகிறது.

பிறகு எல்லா அளவுகளையும் பலகையில் எழுதிச் சராசரி எடுக்கிறோம். 320 முதல் 370 வரை சிதறிய எண்கள் சராசரியில் 350-ஐ ஒட்டி வந்து நிற்கும்போது வகுப்பில் எழும் ஆரவாரத்தை எந்தக் காணொளியும் தந்ததில்லை. காணொளியில் விடை எப்போதும் சரியாகவே வருகிறது. அதனால் அளவீடு என்றால் பிழையோடு கூடியது, பலமுறை அளந்தால்தான் நம்பலாம் என்ற அறிவியலின் அடிப்படையே அங்கு மறைந்துபோகிறது. ‘மழை நாளிலும் இதே விடைதான் வருமா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், டிகிரிக்கு டிகிரி சுமார் 0.6 மீட்டர் கூடும் என்ற வாய்பாட்டை அதன்பின் எழுதினேன். கேள்வி முன்னே வந்து வாய்பாடு பின்னே வரும் வகுப்புகள் அரிதாகத்தான் அமைகின்றன.

இதே செயலியைக் கொண்டு தனி ஊசலின் அலைவு நேரம், மின்தூக்கியில் ஏறும்போது முடுக்கம் மாறுவது, சட்டக் காந்தத்தை விலக்க விலக்கப் புலம் குறைவது என்று பலவற்றையும் செய்யலாம். எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. ஒரு பருவத்துக்கு இரண்டு செய்தாலே போதுமானது.

கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டிக்கொடுப்பது இன்னொரு வகை. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையில் உள்ள சிறு விளக்கை வெறும் கண்ணால் பார்த்தபடி பொத்தானை அழுத்தினால் ஒன்றும் தெரிவதில்லை. கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, அதன் எதிரே ரிமோட்டைப் பிடித்து அழுத்தினால், திரையில் அந்த விளக்கு வெளிர் ஊதா நிறத்தில் துடித்துத் துடித்து மின்னும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் அங்கு மங்கலாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். இரண்டிலும் காட்டி, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்க வேண்டும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையின் சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி சூடேறியதைக் கண்டு அகச்சிவப்புக் கதிரைக் கண்டறிந்த வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

தொட்டாற்சிணுங்கியை மெதுவியக்கக் காணொளியில் எடுத்துப் பார்த்தால், சிற்றிலைகள் இணை இணையாக நுனியிலிருந்து காம்பை நோக்கி மடிந்துகொண்டே வருவது தெரிகிறது. ஒரு தூண்டல் தாவரத்தின் உடலில் பயணம் செய்வதைப் பிள்ளைகள் நேரடியாகப் பார்க்கிறார்கள். பள்ளி மைதானத்தின் ஓரத்திலேயே அந்தச் செடி வளர்ந்து கிடக்கிறது. ஈரத் துணியில் வைத்த பச்சைப்பயறு முளைவிடுவதை எதிர்மாறாக, நீண்ட நேரத்தைச் சுருக்கி எடுக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இந்தியரான மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் அறிமுகப்படுத்திய ஃபோல்டுஸ்கோப் என்னும் மடிப்புக் காகித நுண்ணோக்கி சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதைக் கைப்பேசியின் கேமராவோடு ஒட்டிவைத்தால், வெங்காயத் தோலின் செல்களை ஒவ்வொருவராக வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்காமல் வகுப்பு முழுவதும் சேர்ந்து பார்க்க முடிகிறது. குழுவாகப் பார்ப்பதில் ஒரு நன்மை, ‘நீ பார்த்தது செல்சுவரா, காற்றுக் குமிழா?’ என்ற வாக்குவாதம் அங்கேயே நடக்கும்.

மிக எளிய பயன்பாடு ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. ஆய்வகத்தில் ப்யூரெட்டைப் பிடித்து நிற்கும் இரும்புத் தாங்கியின் கவ்வியில் கைப்பேசியைத் தலைகீழாகப் பொருத்தி, கேமராவைத் திறந்து, ஸ்மார்ட் வகுப்பறைத் திரையோடு இணைத்துவிட்டால், அதன் கீழே வைக்கும் எந்தக் குறிப்பேடும் பெரிதாகத் தெரியும். ஒரு மாணவர் போட்ட கணக்கை, அவருடைய கையெழுத்திலேயே, அடித்தல் திருத்தலோடு வகுப்பு முழுவதும் படிக்கிறது. சரியான விடையைவிடச் சுவாரசியமான தவறான வழியையே நான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறேன். யாருடைய ஏடு என்று சொல்வதில்லை, அவருடைய இசைவையும் முன்னதாகவே கேட்டுக்கொள்கிறேன். லென்ஸில் ஒளிக்கதிர் வரைபடம் போடும்போது அளவுகோல் எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதை இப்படிக் காட்டுவது போலக் கரும்பலகையில் காட்ட முடியாது.

இனி, வினா கேட்பதற்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை கைப்பேசி வகுப்பறைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். ஒரு கேள்வி கேட்டால் கை தூக்குகிறவர்கள் எப்போதும் அதே ஐந்தாறு பேர். மற்றவர்களின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரியவருகிறது. அதற்குள் பாடம் கடந்துபோய்விடுகிறது. பிளிக்கர்ஸ் என்ற செயலி இதற்கு அருமையான வழி சொல்கிறது. பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம், ஆளுக்கு ஒரு காகித அட்டை போதும். ஒவ்வோர் அட்டையிலும் வெவ்வேறு வடிவில் ஒரு கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் பொடியாக இருக்கும். தாம் தேர்ந்த விடையின் எழுத்து மேற்பக்கம் வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தம் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மெல்லத் திருப்பினால், சில நொடிகளில் ஒவ்வொரு பிள்ளையின் விடையும் திரையில் வந்துவிடும். வடிவங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாததாலும் எழுத்து மிகச் சிறியது என்பதாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்ப முடியாது. அட்டைகளை ஒருமுறை அச்சிட்டு, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டிவைத்தால் ஆண்டு முழுவதும் உழைக்கும். இதற்கு மட்டும் ஆசிரியரின் பேசியில் இணையம் வேண்டும்.

கேள்வி நன்றாக இருந்தால்தான் இந்த வித்தை பயன்படும். இயக்க விதிகள் பாடத்தில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பந்தை நேர்மேலே எறிகிறோம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். பந்து உச்சியைத் தொட்டுத் திரும்பும் அந்தக் கணத்தில் அதன்மீது செயல்படும் விசை என்ன? விசையே இல்லை; மேல்நோக்கிய விசை; கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டும்; மேல், கீழ் விசைகள் சமமாக இருக்கின்றன. நியூட்டனின் விதிகளைத் தடையின்றி ஒப்பிக்கும் வகுப்பிலும் மூன்றாவது விடைக்கு வரும் அட்டைகள் குறைவாகவே இருக்கும். திசைவேகம் சுழியானால் விசையும் சுழியாகிவிடும் என்று நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளே உறுதியாக நம்புகிறார்கள். நான் விடையைச் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடைக்கான காரணத்தைச் சொல்லி அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள் என்று மூன்று நிமிடம் விடுகிறேன். வகுப்பு சந்தைக்கடைபோல் இரைகிறது. ‘உச்சியில விசை இல்லேன்னா அது ஏன் கீழ வரணும், அங்கயே நிக்க வேண்டியதுதானே?’ என்று ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும். மறுபடி அட்டைகளைத் தூக்கச் சொன்னால் கைப்பேசித் திரையில் நிறங்கள் மாறியிருக்கும்.

இந்த முறை எனக்குச் சொந்தமானதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவருவது. தம்முடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டாலும் அடிப்படைக் கருத்தில் தடுமாறுகிறார்கள் என்று கண்ட பிறகே அவர் விரிவுரையைக் குறைத்து, வினா, வாக்கெடுப்பு, கலந்துரையாடல், மறுவாக்கெடுப்பு என்று வகுப்பை அமைத்தார். பல பல்கலைக்கழகங்கள் இதற்காக ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கருவி வைத்திருக்கின்றன. நம் பள்ளியில் அந்த வேலையைக் காகித அட்டைகளும் ஒரு கைப்பேசியும் செய்துவிடுகின்றன. தவறாகச் சொன்னவர் யார் என்பது எனக்கு மட்டும் தெரிகிறது, வகுப்புக்குத் தெரிவதில்லை. பேசவே கூச்சப்படும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தப் பிள்ளை அட்டையைத் தூக்கும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும்.

மொழிப் பாடத்தில் என் சக ஆசிரியை ஒலிப்பதிவைப் பயன்படுத்துகிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியை வாசிப்பதைப் பதிவுசெய்து உடனே அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுகிறார். ‘வாழை’யை ‘வாளை’ என்று சொன்னதை நாம் திருத்தினால் முகம் வாடும். தானே காதால் கேட்டால் சிரித்துக்கொண்டு திரும்ப வாசிக்கும். பருவத் தொடக்கத்தில் எடுத்த பதிவையும் முடிவில் எடுத்ததையும் பெற்றோர் கூட்டத்தில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கச் செய்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் மதிப்பெண் பட்டியலிலிருந்து தெரிந்துகொள்ள முடியாததை அந்த இரண்டு பதிவுகளிலிருந்து முழுமையாகத் தெரிந்துகொள்கிறார்.

கேமராவும் ஒலிவாங்கியும் வகுப்புக்குள் வரும்போது ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. வகுப்பில் எடுத்த படமும் குரலும் பிள்ளைக்கு உரியவை. அவற்றை வாட்ஸ்அப் நிலைத்தகவலாக வைப்பதும், யூடியூபில் ஏற்றுவதும், பார்வையாளர் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வதும் பரவிவருவது எனக்குப் பெருங்கவலை தருகிறது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. சட்டம் எப்படி இருந்தாலும், வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளையின் குரலை அந்தத் தாயைத் தவிர வேறு யாருக்கும் அனுப்ப நமக்கு உரிமை இல்லை. பாடத்துக்கு எடுத்ததைப் பாடம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இன்னொன்று, ஆசிரியரின் சொந்தப் பேசியே வகுப்பின் பேசியாகவும் இருப்பதில் உள்ள சிக்கல். திரையோடு இணைத்திருக்கும்போது வங்கியிலிருந்து செய்தி வருகிறது, உறவினர் அழைக்கிறார், குடும்பக் குழுவில் படம் வந்து விழுகிறது. விமானப் பயன்முறையில் போட்டுவிட்டே நான் பாடத்தைத் தொடங்குகிறேன். பெரும்பாலான செய்முறைகளுக்கு இணையம் தேவைப்படாததால் அது போதுமானதாக இருக்கிறது. இதைவிடப் பெரிய சுமை, வருகைப்பதிவு முதல் பல்வேறு விவரங்கள் வரை செயலிகளில் ஏற்றும் வேலை. பாடவேளையில் ஆசிரியர் குனிந்து பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் எதற்காகப் பார்க்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் காண்பதெல்லாம் தங்களைப் பார்க்காத ஓர் ஆசிரியரை. வகுப்பு நேரத்தில் கைப்பேசி வெளியே வந்தால் அது பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து பார்க்கும், கேட்கும், அளக்கும் ஒன்றுக்காகவே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகவே கல்வித்துறையிடம் என் வேண்டுகோள் எளிமையானது. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்துக்கும் நடுத்தர விலையில் இரண்டு கைப்பேசிகளை வாங்கித் தர வேண்டும். அவற்றில் சிம் அட்டை வேண்டாம். தராசும் வெப்பமானியும் இருக்கும் அதே அலமாரியில் அவை இருக்கட்டும், இருப்புப் பதிவேட்டில் அவற்றோடு சேர்த்து எழுதப்படட்டும், ஆறாம் வகுப்பு மாணவியும் ஆசிரியரின் மேற்பார்வையில் அவற்றைக் கையில் எடுத்து அளக்கட்டும். வட்டார வள மையங்களில் நடக்கும் பயிற்சிகளில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கி, செயலியை எப்படிப் பதிவிறக்குவது என்று மட்டும் சொல்லித்தராமல், ஆசிரியர்களையே தாழ்வாரத்தில் நிறுத்திக் கைதட்டச் சொல்லி, ஒலியின் திசைவேகத்தை அவர்களே கணக்கிடும்படி செய்ய வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அப்படியொரு பயிற்சி நடந்தால் இரண்டு ஸ்டூல்களோடும் அளவு நாடாவோடும் முதல் ஆளாக வந்து நிற்க நான் தயாராக இருக்கிறேன்.